ரிப்போர்ட்டில் ‘மைல்ட்’, மனசில் மலை



‘மைல்ட்’ என்று ஒரு வார்த்தை. லேசான, கொஞ்சமான என்று அர்த்தம். ஜுரம் மைல்டாக இருக்கிறது என்றால் சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடுகிறோம். அதே வார்த்தை ‘ஹார்ட்’டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் கை கால் உதறுகிறது. “வால்வில் லேசான கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள், அன்றிலிருந்து தூக்கம் போச்சு” என்று இந்தப் பகுதிக்கு எழுதுகிற சகோதரிகள் சிலர் உண்டு. பெரும்பாலும் கைக்குழந்தைக்காரிகள். அவர்களுக்காகத்தான் இந்த முறை. நானும் அந்த வரிசையில் நின்றவள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

எனக்குப் புகுந்த வீடு பெரம்பலூர், பிறந்த வீடு அரியலூர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன் சோதித்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை ஒரே இடத்தில் வெகுநேரம் வைத்துக் கேட்டார். “ஒரு சத்தம் கேக்குதும்மா, எதுக்கும் எக்கோ எடுத்துடுங்க” என்றார். திருச்சிக்குப் போய் எடுத்தோம். ‘மைட்ரல் வால்வ் ப்ரோலாப்ஸ், மைல்ட் எம்.ஆர்.’ என்று எழுதிக் கொடுத்தார்கள். “பயப்பட ஒண்ணுமில்ல, ஆபரேஷன் பண்ணிக்கலாம், மூணு வருஷம் கழிச்சு இன்னொரு எக்கோ பாத்துக்கலாம்” என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வால்வு எதற்கும் குறுக்கே வரவில்லை. குறுக்கே வந்தது பயம்தான்.

ராத்திரி இடது பக்கமாக ஒருக்களித்தால் தலையணைக்குள்ளிருந்து ‘டப் டப்’ என்று கேட்கும். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் திருச்சி–சென்னை பெரிய ரோடு. விடிய விடிய லாரி ஓடும். கல்யாணமாகி வந்த நாளாக அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு, தன் நெஞ்சுச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். எழுபத்தாறு. சரி என்று கண்ணை மூடினால், இப்போது கூடியிருக்குமோ என்று தோன்றும். மறுபடி எண்ணினால் எண்பத்து நாலு. எண்ண எண்ணக் கூடும்.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். அதுவே இன்னொரு கஷ்டம். “தண்ணிக் குடத்தத் தொடாதம்மா” என்று அத்தை கையிலிருந்து வாங்கிக்கொள்வார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கே மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டார். அரியலூரிலிருந்து அக்கா போனில், “ஏண்டி, மாடிப்படி ஏறுறியா? ஏறாத. துணி அலசுறியா? அலசாத” என்று பட்டியல் போட்டாள். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் முடிவதற்குள் நான் முழு நோயாளியாகிவிட்டேன்.

எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது டாக்டர் இல்லை, என் கொழுந்தனார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். “அண்ணி, நம்ம கெணத்து மோட்டார் கொழாயில அடியில ஃபுட்வால்வு இருக்குல்ல? ஏத்துன தண்ணி திரும்பக் கெணத்துக்குப் போகாம பாத்துக்கறது. அதுல ஒரு பொட்டு கசிஞ்சாலும் மோட்டார் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? பத்து வருஷமா கசியுது, பாஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு” என்றார்.

விஷயம் கிட்டத்தட்ட அதுதான். இதயத்தில் நாலு வால்வுகள். ரத்தத்தை ஒரே திசையில் போகவிட்டு, திரும்பி வராமல் அடைப்பது அவற்றின் வேலை. இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. பிஷப்புகள் தலையில் வைத்துக்கொள்ளும் இரண்டு மடல் கிரீடத்துக்கு ‘மைட்டர்’ என்று பெயர். இதற்கும் இரண்டு மடல் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. சிலருக்கு இந்த மடல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். கொடியில் காயும் புடவை காற்றில் உப்புகிற மாதிரி, மூடும்போது பின்பக்கமாக உப்பும். அதுதான் ப்ரோலாப்ஸ். உப்பும்போது ஓரத்தில் துளி ரத்தம் பின்னால் கசிந்தால் அது எம்.ஆர். கசிவை மிகச் சொற்பம், லேசு, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரிக்கிறார்கள். மிகச் சொற்பமான கசிவு நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே எக்கோவில் தெரிவது உண்டு. பழைய நாளில் எக்கோ இல்லை. எத்தனையோ பாட்டிமார் இந்தக் கசிவோடு எட்டுப் பிள்ளை பெற்று, களையெடுத்து, பேரன் கல்யாணம் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட சிப்பாய்கள் பலர் நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், களைப்பு என்று வந்தார்கள். சோதித்தால் இதயத்தில் பெரிய கோளாறு இல்லை. டாகோஸ்டா என்ற டாக்டர் 1871-ல் இதைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போரிலும் இதே கதை. அப்போது தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், இவர்களைப் படுக்கையில் போடாமல் படிப்படியாகத் தேகப்பயிற்சி கொடுத்துத் தேற்றினார். எனக்கு இது ரொம்பப் பிடித்த சமாசாரம். அக்காவுக்குக்கூடப் படித்துக் காட்டினேன்.

தொளதொள மடலை ஸ்டெதஸ்கோப் சத்தத்தோடு பொருத்திக் காட்டியவர் தென்னாப்பிரிக்காவின் ஜான் பார்லோ, 1960-களில். பிறகு எக்கோ மெஷின் வந்ததும் யாரைப் பார்த்தாலும் ப்ரோலாப்ஸ் என்று சொல்கிற காலம் ஒன்று இருந்தது. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், மனப்பதற்றம் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டார்கள். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் பல்லாண்டுகளாக ஜனங்களின் இதயத்தைப் பரிசோதித்து வருகிறார்கள். அங்கே சரியான அளவுகோல் வைத்துப் பார்த்து 1999-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ப்ரோலாப்ஸ் இருந்தது. அதைவிட முக்கியம், நெஞ்சுவலியும் மூச்சுவாங்கலும் ப்ரோலாப்ஸ் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. அப்படியானால் நம் படபடப்புக்கெல்லாம் வால்வையே குற்றவாளியாக்க முடியாது, இல்லையா?

இன்னொன்று சொல்கிறேன், தாய்மார்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சியாட்டில் நகரத்தில் பெர்க்மன், ஸ்டாம் என்ற இரண்டு டாக்டர்கள், ‘இதயக் கோளாறு’ என்று முத்திரை குத்தப்பட்ட பள்ளிக் குழந்தைகளைத் தேடிப் பார்த்து 1967-ல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதயத்தில் நோயே இல்லை. அபாயமில்லாத ஒரு சத்தம் மட்டும். ஆனால் அவர்களிலும் பலரை ஓடாதே, விளையாடாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் உட்கார வைத்திருந்தார்கள். இல்லாத நோய் முடக்கிய குழந்தைகள், இருக்கிற நோய் முடக்கிய குழந்தைகளைவிட அதிகம் என்பது அவர்கள் கண்டது.

சரி, வால்வு காரணமில்லை என்றால் நெஞ்சு ஏன் குதிக்கிறது? பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. புலியைக் கண்டு ஓடுவதற்காகக் கடவுள் கொடுத்த சுரப்பி. ரிப்போர்ட்டைக் கண்டும் சுரக்கும். இதயம் வேகமாக, பலமாக அடிக்கும். சில சமயம் ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிடும், பிறகு ஒரு சின்ன இடைவெளி, அதற்கடுத்த துடிப்பு ‘தொப்’பென்று பலமாக விழும். ‘நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னு போச்சு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வால்வு நன்றாக இருக்கிறவர்களுக்கும் வரும். பயத்தில் மேல்மூச்சாக வேகமாக வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று மரக்கும், தலை கிறுகிறுக்கும். உடனே, ‘ஐயோ, அட்டாக்!’ என்று இன்னும் பயம். இப்படி ஒன்றையொன்று துரத்தும்.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள். ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், படி ஏறினால் இளைக்கும். எனக்கே கட்டியால் போன ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பதில் நின்றது. இரும்புச்சத்து மாத்திரை போட்டு அது ஏறியபோது பாதிப் படபடப்பு தானாக இறங்கியது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு ஏறி இறங்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும். இரண்டுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். எக்கோவுக்கு மேல் எக்கோ எடுத்துக்கொண்டு திரிவதைவிட இது மலிவு.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். இது எந்த வகைக் கோளாறு? பிறவி வாகா, ருமாட்டிக் ஜுரத்தால் வந்ததா? அடுத்த எக்கோ எப்போது? நான் செய்யக்கூடாத வேலை ஏதாவது உண்டா? மூன்றே கேள்விதான். சீட்டைப் பார்த்ததும் அவரும் நிதானமாகப் பதில் சொன்னார். லேசான கசிவுக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு எக்கோ போதுமாம். எனக்குத் தடை செய்யப்பட்ட வேலை ஒன்றுமில்லை. அன்றைக்கே அத்தையிடமிருந்து குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அத்தைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ராத்திரிகள் சரியாகக் கொஞ்சம் நாளாயிற்று. நாடியைப் பிடிப்பதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன். கை மணிக்கட்டுக்குப் போனால் அவர் கையை எடுத்துவிடுவார், ஒன்றும் பேசமாட்டார். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், காதில் சத்தம் குறைந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. படபடப்பு வந்தால் நாலு எண்ணும்வரை மூச்சை வயிற்றுக்கு இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். ‘நெஞ்சு, நீ அடித்துக்கொள், நான் நாளைக்கு என்ன சமையல் என்று பார்க்கிறேன்’ என்று அதை அதன் போக்கில் விட்டுவிட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக ஓயும். துரத்தினால்தான் ஓடும். காலையில் முக்கால் மணி நேரம் நடை. முதல் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு மாசத்தில் ரோட்டோரம் சோளம் காயவைத்திருப்பவர்களோடு விலை பேசிக்கொண்டு நடந்தேன்.

இதற்கெல்லாம் அடங்காத பயமும் உண்டு. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவே நடுக்கம் என்றால், அதுவும் ஒரு வியாதிதான், வைத்தியம் இருக்கிறது. மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களோ என்று தயங்க வேண்டாம். நேரில் போகக் கூச்சமென்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை. தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

இதுவரை சொன்னது என் மாதிரி தொளதொள வால்வுக்காரர்களுக்கு. நம் நாட்டில் இன்னொரு வகை இருக்கிறது. அதில் ‘மைல்ட்’ என்று சொன்னாலும் சும்மா இருக்கக் கூடாது.

அரியலூரில் அக்கா தெருவில் ஒரு குடும்பம். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். எட்டாவது படிக்கிற பெண்ணுக்குத் தொண்டை வலி, ஜுரம். சில வாரம் கழித்து முட்டி வீங்கியது, அது இறங்கிக் கணுக்கால் வீங்கியது. ருமாட்டிக் ஜுரம். எக்கோவில் வால்வில் லேசான கசிவு. இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று கார்டு போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா? கபடியை நிறுத்தினாள், சைக்கிளை நிறுத்தினாள், ஊசிக் கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். ஊசி போடுகிற இடத்தில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு தவணை போகவேயில்லை. “நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என் பொண்ணு கதி என்னக்கா?” என்று அக்காவிடம் அழுதிருக்கிறாள்.

அவள் கேட்டதில் அநியாயம் இல்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்தக் கூடாததை நிறுத்தி, தேவையில்லாமல் எல்லாவற்றையும் தடுத்திருந்தாள். இந்த ஜுரம் தொண்டைக் கிருமியால் தூண்டப்படுவது. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் அதிகம். கிருமி மறுபடி மறுபடி வந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும், சுருங்கும். ஊசி அதைத்தான் தடுக்கிறது. உகாண்டாவில் வெளியே தெரியாத ஆரம்ப நிலை வால்வுக் கோளாறு உள்ள 818 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட முற்றவில்லை. போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முற்றியிருந்தது. 2022-ல் வெளியான முடிவு. ஊசியைப் பல வருஷம் தொடர வேண்டியிருக்கும், சிலருக்கு நாற்பது வயது வரைகூட. முதல் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொண்டு, அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்கும்வரை காத்திருந்து வர வேண்டும்.

போன பொங்கலுக்கு அரியலூர் போனபோது அந்தப் பெண்ணின் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். கல்யாணப் பேச்சு வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. வரும்போது வால்வு லேசாகவே இருந்தால் சொல்வது சுலபமா, முற்றிப்போய் இருந்தால் சொல்வது சுலபமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் அக்கா போனில் சொன்னாள்: கார்டு பானையிலிருந்து வெளியே வந்து காலண்டர் ஆணியில் தொங்குகிறதாம். கபடிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. எவ்வளவு விளையாடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

புகுந்த வீட்டுக்குச் சொல்வது சொல்லாதது அவரவர் குடும்ப நிலைமை. பிரசவம் பார்க்கிற லேடி டாக்டரிடம் மட்டும் மறைக்கவே கூடாது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதியளவு கூடுகிறது. லேசான கசிவு பொதுவாக அதைத் தாங்கிவிடும். வால்வு சுருங்கியிருந்தால் சமாசாரம் வேறு. ஆரம்பத்திலிருந்தே இதய டாக்டரும் பார்க்க வேண்டும். மாத்திரை, ஊசிகளை நாமாக நிறுத்தவும் கூடாது.

எந்த வகை வால்வானாலும் இவற்றைப் பயம் என்று ஒதுக்காதீர்கள்: மயங்கி விழுவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, கால் வீக்கம், வழக்கமான வேலைக்கே புதிதாக இளைப்பது, நிற்காமல் தாறுமாறாக ஓடும் துடிப்பு, காரணம் தெரியாமல் நாள்கணக்கில் குளிர்ஜுரம், ஒரு பக்கம் கை கால் இழுப்பது. துடிப்பு நிற்கவில்லை, மூச்சு முட்டுகிறது, மயக்கம், கை கால் இழுப்பு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அரியலூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். சாதாரணப் பரிசோதனைக்குப் போவதென்றால், எந்தக் கிழமை எக்கோ எடுக்கிறார்கள் என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

கடிதங்களில் கேட்ட இரண்டு சில்லறைக் கேள்விகள் பாக்கி. பல் பிடுங்கப் போகும்போது முன்கூட்டி மாத்திரை போட வேண்டுமா? ப்ரோலாப்ஸ்காரர்களுக்கு அது வேண்டியதில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007-லேயே மாற்றிவிட்டது. ஆனால் பல், ஈறு சுத்தம் முக்கியம். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டக்கூடும். செயற்கை வால்வு வைத்தவர்கள் போன்ற அபாயம் அதிகமுள்ள சிலருக்குப் பழைய விதிதான். பல் டாக்டரிடம் ரிப்போர்ட்டை எல்லோருமே காட்டிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாமா என்று ஒரு சகோதரி. லேசான கசிவு மட்டும்தான், வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றால் இருக்கலாம். தண்ணீரை மட்டும் விடாதீர்கள்; உடம்பில் நீர் வற்றினால் படபடப்பு கூடும். வெயில் காலத்தில் நீர்மோரும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் விரதம் கெடாது என்பது எங்கள் அத்தையின் தீர்ப்பு.